கிலுகிலுப்பைத் தாளில் ஒரு திருத்தம்

பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே தாவர ஆய்வுக்கூடத்தில் நிரந்தர வேலை. தன் பொறுப்பில் சாவியோடு ஓர் அலமாரி. ஜன்னலோர மேசை. ஒரு தாளில் தன் கையெழுத்து. என் தங்கை அடைந்தவை இவ்வளவு. கடைசியாகச் சொன்னதுதான் முதலில் கிடைத்தது.

செடிகளைச் செய்தித்தாளுக்குள் அழுத்திக் காயவைத்து, தடித்த வெள்ளைத் தாளில் நூலால் தைப்பது அவள் வேலை. உதிரும் காய்களைச் சிறு காகித உறையில் போட்டு அதே தாளின் மூலையில் ஒட்டுவாள். அவள் அலமாரி முழுக்கக் கிலுகிலுப்பைச் செடிகள். அதில் பல வகை உண்டு. காய் முற்றினால் விதை கழன்று உள்ளே கிலுங்கும். ஒவ்வொன்றையும் காதருகே ஆட்டிப் பார்ப்பாள்.

“பேருதான் கிலுகிலு, வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடும்” என்பார் அவளுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்த தட்டச்சர்.

அவள் கணவர் லாரி மோதி இறந்தார். நான்காம் நாள் வேலைக்குப் போனாள். அழவில்லை.

“சாப்டியாடி?” என்று கேட்பேன்.

“ம்.”

“தூங்கினியா?”

“ம்.”

நான் உப்பு போட மறந்த நாளிலும் தட்டைக் காலி செய்தாள்.

ஏழு மாதம் கழித்து, பூச்சி மருந்து வைக்கத் தாள்களை எடுத்தபோது ஓர் உறை கிலுங்கியது. அவள் நின்றுவிட்டாள். ரோமக் காய் வகையின் தாளில் வழவழப்புக் காயின் சத்தம். பிரித்தால் அதேதான். துக்கம் நடந்த வாரம் அவள் தைத்தது. அந்த விதையை ரோமக் காயின் விதை என்றே ஆய்வாளர் ஒருவர் அளந்து எழுதிக்கொண்டும் போயிருந்தார். அவளை நிரந்தரமாக்கச் சொல்லும் கடிதம் அப்போதுதான் மேலிடத்துக்குப் போயிருந்தது.

“வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்காத. பேசாம உறைய மாத்தி ஒட்டிடு” என்றேன்.

“அந்த வாரம் எனக்கு ஒண்ணுமே கேக்கலக்கா. இன்னிக்குத்தான் கேட்டுச்சு.”

மறுநாள் அதிகாரியிடம் சொன்னாள். அங்கே தாளில் ஒட்டியது எதையும், பிழையானாலும், கிழிக்க மாட்டார்கள். பக்கத்தில் திருத்தச் சீட்டு ஒட்டி, பிழையைக் கண்டவர் கையெழுத்திட வேண்டும்.

“ரேகை வெச்சா மை பரவும். நானே போட்டுடறேம்மா. உன் பேரு வந்தா நிரந்தர ஆர்டர் நின்னுடும்” என்றார் அதிகாரி.

“நிக்கட்டும் சார். தப்பு என்னுது.”

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துப் பத்து நாள் செய்தித்தாள் ஓரங்களில் தன் பெயரை வரைந்தாள். பிறகு சீட்டில் எழுதினாள். முதல் எழுத்து பெரிது, கடைசிக்கு இடமில்லை.

“கடைசி எழுத்து பஸ்ல தொங்கிக்கிட்டுப் போகுது, கிலுகிலு” என்றார் தட்டச்சர்.

அவள் சிரிக்கவில்லை. மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆர்டர் ஒன்றரை வருடம் தள்ளிப்போனது. அந்தச் சீட்டைக் காட்டியே அதிகாரி வாதாடி வாங்கிக் கொடுத்தார். தாள் இன்னும் அவள் அலமாரியில் இருக்கிறது. போய்ப் பார்த்து, திருத்தச் சீட்டில் அவள் கையெழுத்துப் போட்ட தேதியைக் குறித்துக்கொண்டு வந்தேன்: 1994 ஆகஸ்ட் 17, புதன்கிழமை.