எறும்பு கேட்ட பன்னிரண்டு மாதங்கள்

யோசிக்கும்போது சுவரை ஒட்டியேதான் நடப்பாள். வாசல் கதவிலிருந்து அலமாரி வரை பதினான்கு அடி; திரும்பினால் மறுபடி பதினான்கு. வழியில் நாற்காலி கிடந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போகமாட்டாள். நகர்த்தி வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். வலது கையில் பென்சில். இடது கை விரல்கள் சுவரைத் தொட்டபடியே வரும். விரல் பட்ட இடமெல்லாம் சுண்ணாம்பு தேய்ந்து, இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலே ஒரு கோடு விழுந்திருக்கிறது. இரண்டு முறை வெள்ளையடித்துப் பார்த்தோம். கோடு திரும்பி வந்துவிட்டது. அம்மா அவளுக்கு எறும்பு என்று பெயர் வைத்தது அந்தக் கோட்டைப் பார்த்துத்தான்.

எறும்பு என் தங்கை. வயது இருபத்தொன்பது. கணிதத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். சீருடை தைக்கும் பட்டறை ஒன்றில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன்.

அவளிடம் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டுவிட முடியாது. "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று அம்மா கேட்டால், "நானும் அண்ணாவும் சாப்பிட்டாச்சு. மத்தவங்களைப் பத்தி எனக்குத் தெரியாது" என்பாள். வீட்டில் இருப்பதே மூன்று பேர். "மழை வருமா?" என்று கேட்டால் சன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப வரல" என்பாள். அவள் மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கத் திருகாணி விழுந்து ஒரு வருடம் ஆகிறது. அந்த இடத்தில் என் கறுப்பு நூலை ஏழு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறாள். புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றால், "இது நல்லாத்தானே நிக்குது?" என்று தலையை ஆட்டிக் காட்டுவாள். நிற்கத்தான் செய்கிறது. முடிச்சு என்னுடையதைவிடச் சுத்தம்.

எழுதுவதற்கு அவள் நோட்டுப் புத்தகம் வாங்கியதே இல்லை. உடுப்பின் ஒவ்வொரு பாகத்தையும் நாங்கள் முதலில் பழுப்புக் காகிதத்தில் வரைந்து வெட்டிக்கொள்வோம். அளவு மாறிப்போன பழைய காகிதங்களைப் பட்டறையில் குப்பையில் போடுவார்கள். அவற்றை நான் வீட்டுக்குக் கொண்டுவருவேன். அவளுடைய ஆராய்ச்சி முழுக்க அதன்மேல்தான். ஒரு நிரூபணம் காலர் வடிவத்தில் இருக்கும். இன்னொன்று முழுக்கையின் வடிவத்தில். மேல்மூலையில் ஒரு எண்ணைப் போட்டு வட்டமிட்டுவிட்டுத்தான் எழுதத் தொடங்குவாள். நீண்ட நிரூபணம் என்றால், "அண்ணா, நாளைக்கு ஒரு பேன்ட் கால் கொண்டு வா" என்பாள். அச்சடித்த காகிதம் எது கையில் கிடைத்தாலும் முதலில் புரட்டிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பாள். கல்யாணப் பத்திரிகைகளுக்கும் மின்கட்டண ரசீதுகளுக்கும் எங்கள் வீட்டில் இதே கதிதான்.

என்ன ஆராய்ச்சி என்று கேட்பவர்களுக்கு நான் என் வேலையை வைத்துத்தான் சொல்வேன். நான் துணியின்மேல் பாகங்களைப் பரப்பும்போது இடுக்கில் துண்டுகள் வீணாகும். எவ்வளவு சாமர்த்தியமாக அடுக்கினாலும் கொஞ்சம் போகத்தான் செய்யும். இடுக்கே விழாமல் பரப்பக்கூடிய வடிவங்கள் எவை என்பதுதான் அவள் கேள்வி. "ஓரமே இல்லாத துணின்னு வெச்சுக்கோ" என்று எனக்கு விளக்கினாள். அந்த வடிவங்கள் நாற்பத்திரண்டு வகைக்குள் அடங்கிவிடும் என்று முதல் வருடத்திலேயே நிரூபித்துவிட்டாள். பிறகு ஒவ்வொரு வகையாக எடுத்து, பரப்ப முடியும் அல்லது முடியாது என்று முடிவு கட்டிக்கொண்டு வருகிறாள்.

"இது முடிஞ்சா என் பட்டறையில வீணாகிற துணி குறையுமா?" என்று ஒருமுறை ஆசையாகக் கேட்டேன்.

"ஒரு அங்குலம்கூடக் குறையாது" என்றாள். என் மனம் வாடுமே என்பதற்காக ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லத் தெரியாது அவளுக்கு.

ஆய்வு மாணவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு. மூன்று வருடம் தருவார்கள். நான்காவது வருடம் வேண்டுமென்றால் விண்ணப்பித்து, ஒரு குழுவின் முன்னால் போய்ப் பேச வேண்டும். குழுவுக்கு மனம் இல்லையென்றால் அதோடு சரி. எறும்புக்கு மூன்று வருடம் முடிய ஆறு வாரம் இருந்தபோது பதினொரு வகைகள் பாக்கி இருந்தன. ஒரு பயிற்சி மையத்தில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. காலை ஏழிலிருந்து இரவு எட்டு வரை நுழைவுத் தேர்வுக்கு வகுப்பு எடுக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள். முன்பு ஒருமுறை பகுதி நேரமாக அங்கே மூன்று மாதம் போய்ப் பார்த்தாள். அந்த மூன்று மாதத்தில் அவள் சுவரோரம் நடக்கவே இல்லை.

"ஒரு வருஷந்தானே, நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

"நீ சோறு போடுவ, எனக்குத் தெரியும். நான் அதைக் கேக்கலையே. செய்யறது வேலைன்னா அதுக்குச் சம்பளம் உண்டு. அதை யார் குடுக்கணுமோ அவங்ககிட்டத்தான் கேப்பேன்."

கேட்டாள். கேட்ட விதம்தான் வம்பாகிவிட்டது. விண்ணப்பத்தில் ஒரு பட்டியல் இருந்தது. கருவிகள், இரசாயனங்கள், களப்பயணம், உதவியாளர், மற்றவை என்று ஐந்து கட்டங்கள். ஒவ்வொன்றிலும் தேவையை எழுத வேண்டும். எறும்பு யோசித்து, நேர்மையாக, ஐந்திலும் பூஜ்யம் போட்டாள். பத்தே நாளில் விண்ணப்பம் திரும்பி வந்தது. 'தேவை எதுவும் குறிப்பிடப்படாததால் பரிசீலிக்க இயலவில்லை' என்று முத்திரை குத்தியிருந்தார்கள். திருத்தித் தர ஒரு வாரம் கெடு.

நான் விடுப்புப் போட்டுவிட்டு அவளோடு அலுவலகத்துக்குப் போனேன். உதவித்தொகைப் பிரிவின் எழுத்தர் நல்ல மனிதர். பட்டியலைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"என்னம்மா இது, வரிசையா முட்டை போட்டு வெச்சிருக்க? ஏதாவது எழுதினாத்தான மேல அனுப்ப முடியும்? நேத்து ஒருத்தர் குளிர்சாதனப் பெட்டி கேட்டிருந்தார். நீ ஒரு கம்ப்யூட்டராவது போடு."

"என்கிட்ட இருக்கு சார்."

"இன்னொண்ணு போடு."

"ரெண்டாவதை வெச்சு என்ன பண்றது?"

அவர் என்னைப் பார்த்தார். "நீங்க அண்ணனா?"

"ஆமா சார்."

"வீட்லயும் இப்படித்தானா?"

"வீட்ல இதைவிட அதிகம் சார்."

எறும்பு அங்கேயே நின்றுகொண்டு பட்டியலைத் திருத்தினாள். முதல் நான்கு பூஜ்யங்களை அப்படியே விட்டாள். 'மற்றவை' என்ற கட்டத்தில் மட்டும் பூஜ்யத்தை அடித்துவிட்டு, 'நேரம்: பன்னிரண்டு மாதங்கள்' என்று எழுதினாள். எழுத்தர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி அதைப் படித்தார். "இதுக்கு முன்னாடி யாரும் இப்படி எழுதினதில்ல. ஆனா எழுதக் கூடாதுன்னும் எங்கயும் இல்ல" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்.

அடுத்தது குழு. ஆய்வு வழிகாட்டியான பேராசிரியை தொலைபேசியில் அவளை எச்சரித்திருந்தார்: "ஒரு வருஷத்துல முடிச்சிடுவீங்களான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லிடு. மேற்கொண்டு பேச்சை வளர்க்காத." அதற்கு முந்தின நாள் மாலை நான் குழுத் தலைவராக வேடம் போட்டேன். எதிரே நாற்காலியைப் போட்டு அவளை உட்காரவைத்தேன்.

"ஒரு வருஷத்துல முடிச்சிடுவீங்களா?"

"தெரியாது."

"மேடம் என்ன சொல்லச் சொன்னாங்க?"

"ஆமான்னு."

"அப்ப சொல்லேன்."

"நீ ஒருத்தர்கிட்ட செவ்வாய்க்கிழமை சட்டை தரேன்னு சொன்னா, அதுக்கு எத்தனை மணி நேரம் ஆகும்னு தெரிஞ்சு சொல்ற. எனக்குத் தெரியலையே. தெரியாததுக்கு எப்படித் தேதி குடுக்கறது?"

அடுக்களையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "இவளைப் பெத்ததுக்கு ஒரு காலண்டரைப் பெத்திருக்கலாம். அது தேதியாவது சொல்லும்."

"காலண்டர் அடுத்த வருஷம் உதவாதும்மா" என்றாள் எறும்பு. அதோடு ஒத்திகை முடிந்தது.

மறுநாள் குழு அறைக்கு வெளியே நீண்ட தாழ்வாரத்தில் பத்துப் பேர் காத்திருந்தார்கள். எல்லாரிடமும் மடிக்கணினி இருந்தது. ஒரு பையன் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏதோ செடி வைத்திருந்தான். எறும்பிடம் என் துணிப்பை ஒன்றுதான். அவளைக் கூப்பிட்டபோது உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ் சரியில்லாததால் கதவு விரலளவு திறந்துகொண்டது. நான் நகர்ந்துபோய்ப் பக்கத்தில் நின்றேன். ஒட்டுக்கேட்டதுதான், அதில் எனக்கு வெட்கமில்லை.

அந்தக் கேள்வி மூன்றாவதாகவே வந்துவிட்டது. கேட்டவர் அவசரத்தில் இருப்பவர் போலத் தெரிந்தார். "ஒரு வருஷத்துல முடிச்சிடுவீங்களா?"

"தெரியாது சார்."

உள்ளே நாற்காலி ஒன்று நகர்ந்த சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு காகிதம் சரசரத்தது.

"தெரிஞ்சதைச் சொல்றேன். மொத்தம் நாற்பத்திரண்டு வகை. இந்தக் கட்டு முப்பத்தொண்ணு, முடிஞ்சது. இதுல எட்டு இருக்கு. வழி தெரியும், உக்காந்து எழுதணும், அவ்வளவுதான். நாற்பதுலேர்ந்து நாற்பத்திரண்டு வரைக்கும், இந்த மூணுக்கு வழி தெரியாது. எனக்கு மட்டுமில்ல, இதுவரைக்கும் யாருக்கும் தெரியல. அதுக்குத்தான் வருஷம் கேக்கறேன். தெரிஞ்சதுக்குக் கேக்கறதா இருந்தா மூணு மாசம் போதும்."

இன்னொரு குரல், ஒரு பெண்மணியுடையது, "இதென்ன, சட்டைப் பையா?" என்று கேட்டது.

"ஆமாம் மேடம். எங்க அண்ணன் வெட்டினது. பின்பக்கம் காலியா இருந்துச்சு."

யாரோ சிரித்தார்கள். "சரிம்மா, வருஷம் குடுத்தா எதை முதல்ல எடுப்பீங்க? அந்த எட்டையா?"

"மூணைத்தான். வழி தெரிஞ்சதை எப்ப வேணாலும் எழுதிக்கலாம்."

வெளியே வந்தவள் பையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் கேட்டாள். "கிடைக்குமா?" என்றேன். "இன்னும் தெரியல" என்றாள். அன்று மாலையே பயிற்சி மையத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, வேலை வேண்டாம் என்று சொன்னாள். முடிவு வந்தபிறகு சொல்லக் கூடாதா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அவங்க வேற ஆள் பார்க்கணும்ல. நான் போகப்போறதில்ல, அது எனக்கு இப்பவே தெரியும்" என்றாள். அடுத்த இரண்டு வாரமும் எங்கள் சுவர் தேய்ந்துகொண்டுதான் இருந்தது. உதவித்தொகை நின்றுபோனாலும் அவள் நிற்கமாட்டாள் என்பது எனக்கு அப்போது புரிந்தது. எத்தனை வருடம் இழுக்கும் என்பதுதான் கேள்வியாக இருந்தது.

கடிதம் ஒரு சனிக்கிழமை வந்தது. அவளே பிரித்துப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். நான் மூன்று முறை படித்தேன். 'மற்றவை' கட்டத்தில் குறிப்பிட்ட தேவையைக் குழு ஏற்றுக்கொண்டதாகவும், ஒன்பது மாதங்களுக்கு நீட்டிப்பு அளிப்பதாகவும் அச்சடித்திருந்தது.

"கேட்டதுல பாதிதான் குடுத்தானுங்களா?" என்றாள் அம்மா.

"முக்கால் குடுத்திருக்காங்கம்மா" என்றாள் எறும்பு.

"போதுமாடி?"

"இன்னும் தெரியல" என்றாள். ஆனால் சொல்லும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, நூல் சுற்றிய இடத்தை விரலால் அழுத்திப் பார்த்து, மறுபடி இறுக்கமாக மாட்டிக்கொண்டாள்.

அவளுக்கு வந்த அலுவலகக் கடிதங்களை எல்லாம் நான் ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். பள்ளியில் வாங்கிய முதல் பரிசுச் சான்றிதழிலிருந்து பதினேழு காகிதங்கள், ஒவ்வொன்றும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில், தேதி வரிசையில். இது பதினெட்டாவது. மேசையில் கடிதத்தை வைத்துவிட்டுக் கோப்பையும் புதிய உறையையும் எடுக்க உள்ளே போனேன். உறையின் ஓரம் பிசிறாக இருந்தது. அதைக் கத்தரித்துச் சரிசெய்ய இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

திரும்பி வந்தபோது கடிதம் குப்புறக் கிடந்தது. வெள்ளையான பின்பக்கத்தின் மேல்மூலையில் 40 என்று எழுதி வட்டமிட்டிருந்தாள். கீழே ஏற்கனவே இரண்டு வரி ஓடியிருந்தது. நான் உறையைக் கையில் பிடித்தபடி நின்றேன். அவள் கடிதத்தை எடுத்துக்கொண்டு வாசல் கதவுக்குப் போனாள். சுவரில் விரலை வைத்தாள். நான்கடி நடந்தவள், வழியில் கிடந்த நாற்காலியை நகர்த்தி வைத்தாள்.