மஞ்சள் பாதி

யுரேனஸைச் சுற்றும் பெரிய நிலாக்கள் ஐந்தில் அதுதான் சிறியது. சென்னையிலிருந்து மதுரை எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் குறுக்களவு. இதுவரை ஒரே ஒரு விண்கலம் அதன் அருகே போயிருக்கிறது. அதுவும் நான் பிறப்பதற்கு முன்பு. அது கடந்து போன அன்று நிலாவின் தென் பாதியில் வெயில், வட பாதியில் இருட்டு. அந்த இருட்டுப் பாதியை இன்றுவரை யாரும் சரியாகப் பார்த்ததில்லை.

அந்த நிலாவை நான் படப்பையில் எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் செய்தேன். விண்கலம் ஓட்டிப் பழகுவதற்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அதில் யார் வேண்டுமானாலும் ஒரு கோளையோ நிலாவையோ செய்து சேர்க்கலாம். தொழிற்சாலையில் எனக்கு மதிய ஷிப்ட் வரும் வாரங்களில் காலை முழுக்க அம்மா வெங்காயம் நறுக்குவாள், நான் பக்கத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பள்ளத்தாக்கு வெட்டுவேன்.

அம்மா ஒருநாள் எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது, கிழிஞ்ச பாவாடைக்கு ஒட்டுப் போட்டா மாதிரி கீது?"

"நெசமாவே அப்படித்தாம்மா கீது."

"அந்தப் பக்கம் ஏன் மஞ்சப் பூசிகினு நிக்குது? அதுக்கு இன்னா, சடங்கா?"

நான் ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் டிரெய்னியாக இருந்தேன். எங்கள் லைனில் சரியான பாகத்துக்குப் பச்சை டேக், தவறான பாகத்துக்குச் சிவப்பு. இன்னும் யாரும் அளந்து பார்க்காத பாகத்துக்கு மஞ்சள். மஞ்சள் டேக் தொங்கும் பாகத்தை லைனில் ஏற்ற மேனேஜருக்கே உரிமை கிடையாது. முதல் வாரத்தில் மண்டையில் ஏறிய பாடம் அது. அதனால் என் நிலாவில் யாரும் பார்க்காத பாதிக்கு மஞ்சள் அடித்தேன். நிறம் மட்டும்தான். உயரங்களைச் சொல்லும் கோப்பில் அந்தப் பாதிக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. கண்ணுக்கு மஞ்சள் தெரியும், ஆனால் கலம் இறங்கினால் நிற்கத் தரை இருக்காது.

அந்த மாதத்தோடு என் டிரெய்னி காலம் முடிந்தது. புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சின்ன கம்பெனி, கிரேன் ஓட்டப் பழகும் சிமுலேட்டர் செய்கிறது. அதில் தரையும், சரக்கு அடுக்கும் யார்டும் வரைய ஆள் தேடினார்கள். செய்த வேலை ஒன்றைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள். என்னிடம் இருந்தது அந்த நிலா மட்டும்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். வேலை இல்லாமல் ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்தால் தெருவே வந்து என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியும்.

"அந்த மஞ்சள ரொப்பிடுடி" என்றாள் அம்மா. "யாரு போய்ப் பாக்கப் போறா?"

அதையும் செய்துதான் வைத்திருந்தேன். தென் பாதியின் மலைகளையும் பள்ளங்களையும் எடுத்து, திருப்பி, வட பாதியில் ஒட்டிய இன்னொரு பதிப்பு. பார்க்க முழு நிலா. மெனுவில் ஒரு கிளிக் செய்தால் மஞ்சள் போய் அது வந்துவிடும்.

இன்டர்வியூ அன்று, மெயின் ரோட்டோடு ஷேர் ஆட்டோ நின்றுவிடும், உள்ளே நடக்க வேண்டும் என்று அம்மாவும் கூட வந்தாள். அவள் செக்யூரிட்டி கேபின் நிழலில் நின்றுகொண்டாள். நான் உள்ளே போனேன்.

அறையில் இரண்டு பேர். கேள்வி கேட்பவர் மேடம். இன்னொருவர் வயதில் பெரியவர், முன்பு கிரேன் ஆபரேட்டர். எந்த சிமுலேட்டரையும் அவர்தான் முதலில் ஓட்டிப் பார்ப்பாராம். ஜாய்ஸ்டிக்கைப் பூனைக்குட்டியைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலில் பிடித்தார்.

என் திட்டம் எளிமையானது. மென்பொருளில் தேதியை அந்தப் பழைய விண்கலம் கடந்துபோன நாளுக்கு வைத்திருந்தேன். தென் பாதியில் வெயில் பளபளத்தது. அங்கே ஒரு பெரிய செங்குத்துப் பாறை இருக்கிறது. இருபது கிலோமீட்டர் உயரம் இருக்கலாம் என்கிறார்கள். அதன் விளிம்பில் கலத்தை வைத்து, என்ஜினை அணைத்து, விழவிட்டேன்.

அந்த நிலாவில் ஈர்ப்பு மிகமிகக் குறைவு. கலம் விழுகிறதா நிற்கிறதா என்றே முதலில் தெரியாது. அடிவாரம் தொடப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். இன்டர்வியூ அதற்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

"இன்னாம்மா, இவ்ளோ மெதுவா வுழுது?" என்றார் ஆபரேட்டர். "ஓவர்டைம் பாக்குதா?"

மேடம் சிரித்தார். பாறையின் கோடுகள் திரையில் மெல்ல மேலே நகர்ந்தன. அவர் கண் பாறையில் இல்லை, திரையின் மூலையில் இருந்தது.

"தேதி ஏம்மா இவ்ளோ பழசா இருக்கு?"

"போட்டோ எடுத்த நாள் மேடம்."

"அப்படியா. இன்னிக்குத் தேதியில வைங்க, பாக்கலாம்."

யுரேனஸ் சாய்ந்து படுத்துக்கொண்டு சூரியனைச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு மனித ஆயுள் ஆகும். அன்று தெற்கே அடித்த வெயில் இப்போது வடக்கே அடிக்கிறது. இன்றைய தேதியில் என் பாறையும் பள்ளத்தாக்கும் ஏறக்குறைய இருட்டில் கிடக்கின்றன. யாரும் பார்க்காத பாதியில்தான் முழு வெயில்.

தேதியை மாற்றினேன். பாறை இருட்டில் மறைந்ததும் ஆபரேட்டர் முழு நிலாவும் தெரியக் காட்சியைப் பின்னால் இழுத்தார். திரை முழுக்க மஞ்சள்.

"அடேங்கப்பா" என்றார் ஆபரேட்டர். "உன் நிலாவுக்கு மஞ்சக் காமாலையா?"

அவர் என்ஜினை எரித்து மேலே ஏறினார், வடக்கே திரும்பினார், இறங்க ஆரம்பித்தார். உயரம் காட்டும் எண் குறைந்துகொண்டே வந்தது. என் கை மவுஸ் மேல் இருந்தது. ஒரு கிளிக். மஞ்சள் போய் மலைகள் வரும், அவர் அதில் இறங்குவார், மேடம் தலையாட்டுவார், நான் வேலையோடு வீட்டுக்குப் போவேன். கிளிக் செய்யாவிட்டால் கலம் தரைக்குள் புகுந்துவிடும், இவளுக்கு வேலை தெரியவில்லை என்று எழுதிவிடுவார்கள். மவுஸை விட்டுக் கையை எடுத்தேன்.

"அண்ணா, அங்க எறங்காதீங்க. அங்க தரை இல்ல."

அவர் நிறுத்தவில்லை. கலம் மஞ்சளுக்குள் சத்தமில்லாமல் மூழ்கியது. உள்ளே நிலாவே இல்லை. வெறும் நட்சத்திரங்கள்.

"அய்யோ, உள்ள பூட்டேன்!"

மேடம் என் பக்கம் திரும்பினார். "தரை வரலையா, போடலையா?"

"போடல மேடம்."

"ஏன்?"

"அந்தப் பாதிய யாரும் பாத்ததில்ல. தெரியாதத எப்படிப் போடறது?" என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மஞ்சள் டேக் பற்றிச் சொன்னேன். பார்க்காத பாகத்தை லைனில் ஏற்றக்கூடாது என்று சொன்னேன். ரொப்பிய பதிப்பும் இருக்கிறது, அதைக் காட்ட எனக்கு இஷ்டமில்லை என்றும் சொல்லிவிட்டேன்.

"சரி" என்றார் மேடம். முகத்தில் எதுவும் தெரியவில்லை. "உங்க கம்பெனியில மஞ்ச டேக் போட்ட பாகத்த அப்புறம் என்ன பண்ணுவீங்க?"

"ரேக்ல வெச்சிடுவோம் மேடம். செக் பண்ற வரைக்கும் அங்கதான்..."

சொல்லி முடிக்கும் முன்பே எனக்குக் காது சுட்டது. ரேக். மஞ்சள் டேக் மாட்டிய பாகத்தை நாங்கள் ஒருபோதும் அந்தரத்தில் விட்டதில்லை. டேக்கை மட்டும் மாட்டிவிட்டு ரேக்கை மறந்திருந்தேன். பழக வருகிற ஒருவன் இறங்கினால், இது தெரியாத இடம் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். ஆனால் நிற்கவும் வேண்டும்.

"கால் மணி நேரம் குடுங்க மேடம்."

"இங்கயேவா?"

"இங்கயே."

அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். வட பாதி முழுக்க ஒரே மட்டத்தில், மலையும் பள்ளமும் இல்லாத வழவழப்பான தரை போட்டேன். நிறம் மஞ்சளாகவே இருந்தது. நடுவில் ஃபோன் அதிர்ந்தது, அம்மா. எடுக்கவில்லை. இரண்டு பாதியும் சேரும் விளிம்பில் ஒரு பிளவு விழுந்தது. அதை மூடுவதற்குள் விரல்கள் இரண்டு முறை தவறான கோப்பைத் திறந்தன.

ஆபரேட்டர் மறுபடி ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தார். கலம் இறங்கியது. கடைசி ஐம்பது மீட்டரில் அவர் என்ஜினை அணைத்துவிட்டார். வேண்டுமென்றே. எதுவும் செய்ய முடியாமல் மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். முப்பது. பதினைந்து. நான்கு.

கால்கள் மஞ்சளைத் தொட்டன. கலம் அப்படியே எம்பி மேலே போனது. மெல்லத் திரும்பி வந்தது, இன்னொரு முறை எம்பியது, குறைந்தது, நின்றது.

"நிக்குதும்மா" என்றார் ஆபரேட்டர்.

மேடம் லேப்டாப்பை மூடி என்னிடம் நீட்டினார். "எங்க கிரேன் யார்டுலயும் சர்வே பண்ணாத மூலைங்க நெறய இருக்கு. இத்தன நாளு நாங்க ரொப்பித்தான் வெச்சிருக்கோம். திங்கக்கிழமை வந்து அதுக்கெல்லாம் மஞ்ச அடிங்க."

வெளியே வெயில் கேபினைத் தாண்டி அம்மாவின் கால்வரை வந்திருந்தது. அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஃபோன எடுக்க மாட்டியா? நெஞ்சு அடிச்சிக்குது இங்க. இன்னா சொன்னாங்க?"

"திங்கக்கிழம வரச் சொன்னாங்க."

அவள் முகம் மலர்ந்தது. உடனே சந்தேகமும் வந்தது. "நான் சொன்னா மாதிரி ரொப்பிட்டதான?"

"இல்லம்மா. நிக்கறதுக்கு எடம் மட்டும் போட்டேன்."

"அதுக்கா வேலை குடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஷேர் ஆட்டோ பிடிக்க மெயின் ரோட்டைப் பார்த்து நடந்தாள்.