போஸ்டரில் என் வெள்ளைச் சட்டை

படங்களை வெட்டி ஒட்டும் மென்பொருள் ஒன்றை வீட்டுக் கம்ப்யூட்டரில் இலவசமாக இறக்கிவைத்ததுதான் நான் செய்த தப்பு. கல்லிடைக்குறிச்சியில் யார் இறந்தாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு என்னிடம் வந்து நின்றார்கள். எழுபது வருஷம் வாழ்ந்த மனிதரை ஒழுங்காக ஒரு படம் எடுத்துவைத்திருக்க மாட்டார்கள்.

முதலில் வந்தவர் பக்கத்துத் தெருக்காரர். அவர் நீட்டிய படத்தில் அவருடைய அப்பா படித்துறையில் ஈரத்துண்டோடு நின்றார்.

“அண்ணாச்சி, அப்பா சட்டையில்லாம நிக்காவ. ஒரு சட்டை போட்டுவிட்டிருங்க.”

வெள்ளைச் சட்டையோடு நான் இருந்த படம் ஒன்றை எடுத்து, என் தலைமேல் அவர் தலையை வைத்தேன். என் முகம் வெளியே தெரியாமல் மறைத்து, கழுத்தைப் பொருத்துவதற்குள் அரைமணி நேரம் போய்விட்டது. பிறகு எல்லா ஆண்களுக்கும் அதே சட்டைதான். புதுத் தலையை வைத்துவிட்டுப் பழையதை எடுப்பேன். பெயரையும் தேதியையும் மாற்றுவேன்.

ஒருநாள் அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் என் மனைவி ஒரு போஸ்டர் முன்னால் நின்றுவிட்டாள். படத்தில் சட்டைப்பையில் இருந்த மைக்கறையைத் தொட்டுப் பார்த்தாள்.

“இது உங்க சட்டைல்லா? வேண்டாங்க, இனி இதப் போஸ்டர்ல போடாதீங்க.”

“வெறும் படத்துக்குப் போய் பயப்படுத. பேசாம வா” என்று எரிந்து விழுந்தேன்.

மறுநாளே அடுத்த சாவு. அவசரத்தில் பழைய தலையை முதலில் எடுத்துவிட்டேன். அடியிலிருந்து என் முகம் வந்தது. மேலே கண்ணீர் அஞ்சலி, கீழே இறந்த தேதி. கழுத்தில் மட்டும் கைவைக்க வேண்டிய வேலையே இல்லை.