ஊறுகாய்க்குள் மாமு

அம்மாவின் தம்பி சின்ன மாமு கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் வீட்டில் சமையல் பார்த்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த அம்மாளுக்குத் தமிழ் கொஞ்சம் பேச வருமே தவிர எழுத வராது. ஆகையால் மாமு சொல்லச் சொல்ல அவள் எங்களுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதுவாள். பேகம்பூரில் எங்கள் தெருவிலிருந்த டீச்சர் அதைத் தமிழில் அம்மாவுக்குச் சொல்லுவார். இரண்டு பேர் வாய் மாறி வந்தாலும் மாமுவின் குறும்பு அதில் மிச்சமிருக்கும்.

நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடையில், லீவு விட்ட அன்றைக்கே ஒரு கடிதம் வந்தது. டீச்சர் தன் சொந்த ஊரான தொப்பம்பட்டிக்குப் போயிருந்தார். என் தகப்பனார், அத்தா, தோல் பதனிடும் ஷாப்பில் வேலையில் இருந்தார்.

"நீதான் இங்கிலீசு படிக்கிறியே, வாசி" என்று அம்மா அதை என்னிடம் நீட்டினாள்.

பின்னிக் கிடந்த எழுத்தில் எனக்கு முதல் இரண்டு வரிகள்தான் பிடிபட்டன. யுவர் பிரதர் இஸ் இன் எ பிக்கிள். சம்படி மஸ்ட் கம். பிக்கிள் என்றால் ஊறுகாய் என்று தெரியும். இன் என்றால் உள்ளே. 'உங்கள் தம்பி ஊறுகாய்க்குள் இருக்கிறார்.' மஸ்ட் எங்கள் பாடத்தில் இன்னும் வரவில்லை.

அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"மாமுவுக்கு ஊறுகா வேணுமாம்மா. வாங்கிட்டுப் போக யாரோ வருவாகளாம்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "ஊருக்கே ஆக்கிப் போடுறவனுக்கு அக்கா கை ஊறுகா கேக்குதாக்கும்!"

மறுநாளே மாங்காய் வாங்கி வெட்டி, உப்பும் மிளகாயும் போட்டுப் பெரிய பீங்கான் ஜாடியில் நிரப்பினாள். வாயை வெள்ளைத் துணியால் வேடு கட்டி, உள் அறையின் மூலையில் வைத்தாள். அந்தத் துணியைப் பார்த்தபோதுதான் கடிதத்தின் வரி எனக்கு மறுபடி நினைவுக்கு வந்தது. கடிதத்தில் வேண்டும் என்று எங்கேயும் இல்லை. உள்ளே என்றுதான் இருந்தது.

நடுப்பகலில் அம்மா தொழப் போய்விடுவாள். வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. அப்போது ஜாடிக்குள்ளிருந்து 'களுக்' என்று கேட்கும். செத்த நேரம் கழித்து மறுபடி ஒன்று. மாங்காய் புளிக்கிற சத்தம்தான், இப்போது தெரியும். அன்றைக்கு அது யாரோ மூச்சை அடக்கி அடக்கி விடுவதுபோல் இருந்தது. ஒருநாள் துணியின் மேல் காதை வைத்து, "மாமு" என்று மெல்லக் கூப்பிட்டேன். சத்தம் நின்றது. நான் கொல்லைக்கு ஓடிவிட்டேன்.

வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. அம்மா தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது வெள்ளிக்கிழமை, பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிந்த அமைதியில், யாரோ உள் அறையிலிருந்து "அடியே சிட்டு" என்றார்கள். மாமு மட்டும்தான் என்னை அப்படிக் கூப்பிடுவார். போய்ப் பார்த்தேன். ஜாடி இருந்தது. அறையில் யாரும் இல்லை. பிரமையாக இருக்கலாம் என்று பிற்பாடு எத்தனையோ முறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை டீச்சர் ஊரிலிருந்து வந்தார். விளையாட்டாகத்தான் அம்மா கடிதத்தைக் காட்டினாள். படிக்கப் படிக்க டீச்சரின் முகம் மாறியது.

"ஊறுகாயில்லைங்க இது. பெரிய சிக்கல்ல மாட்டியிருக்காருன்னு அர்த்தமுங்க. வீட்டுக் கடியாரத்தக் காணோமாம். விருந்தாளியா வந்தவங்க உங்க தம்பி மேல பழி போட்டிருக்காங்க. போலீஸு மலைய விட்டு எறங்கக் கூடாதுன்னுடுச்சாம். வீட்டாளுக யாராச்சும் உடனே வந்தே ஆகணும்னு எழுதியிருக்காங்க."

நம் பேச்சில் ஊறுகாய் என்றால் தொட்டுக்கொள்கிற ஒன்று, இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிதில்லை. அவர்கள் பேச்சில் ஒரு மனிதன் அதற்குள் அகப்பட்டுக்கொள்ள முடியும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அத்தாவும் அம்மாவும் வத்தலக்குண்டு போய் மலை பஸ் பிடித்தார்கள். அங்கே மாமு இல்லையாம்; அவர் அறையில் சட்டை மட்டும் ஆணியில் தொங்கியதாம். கடிகாரம் விருந்தாளிகளின் துணிமூட்டைக்குள்ளேயே இவர்கள் போவதற்கு முந்தின நாள் அகப்பட்டதாம். மாமு தினமும் பஸ் நிற்கிற இடத்துக்குப் போய், இறங்குகிற முகங்களையெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்புவாராம். வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ் வந்து போன பிறகு, சோலைக்காட்டுப் பக்கம் நடந்து போனதை ஒரு விறகுக்காரி பார்த்திருக்கிறாள். ஆட்களை விட்டுத் தேடியும் ஒரு தடயமும் கிடைக்கவில்லை. இன்று வரைக்கும் இல்லை.

துக்கம் கேட்க உறவுக்காரர்கள் வந்து நிறைந்தார்கள். அத்தாவின் அக்கா, என் மாமி, கேட்டே விட்டார்: "லெட்டரு போட்டானாமே, ஒடனே போயிருக்கப்புடாதா?"

"லேட்டா வந்துச்சு மதினி" என்றாள் அம்மா. "திங்கக்கெழமதான் கையில கெடச்சுச்சு. வந்ததும் ஓடினோம்."

அத்தா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அம்மா துக்கத்தில் நாள் மறந்து பேசுகிறாள் என்று நினைத்தேன்.

"இல்லம்மா, லீவு விட்ட அன்னிக்கே வந்துச்சே. நான்தானே..."

முடிப்பதற்குள் கன்னத்தில் அறை விழுந்தது. அம்மா அதுவரை என்னை அடித்ததே இல்லை. என்னை இழுத்துத் தன் முந்தானைக்குள் மூச்சு முட்டும்படி அழுத்திக்கொண்டாள். "சின்னப் பிள்ள, ஒண்ணும் தெரியாது அதுக்கு" என்று எல்லோரிடமும் சொன்னாள்.

உண்மையைச் சொன்னதற்கு அடி வாங்கினோமே என்று அன்று முழுக்க அழுதேன். சாயங்காலம் பாய் விரித்துத் தொழுதுவிட்டு, பொய் சொன்ன என் அம்மாவை மன்னித்துவிடும்படி அல்லாவிடம் கேட்டுக்கொண்டேன்.