சிவப்புக் கொடி உங்கள் கையில்தான் இருந்தது

அண்ணாச்சி, அன்று நீங்கள் சிவப்புக் கொடியைத் தூக்கவில்லை. எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு செத்துப்போனது அதனால்தான்.

முதுகெலும்பு முறிந்து கிடப்பவர்களுக்காகவும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். அண்ணாச்சியும் படிக்க வேண்டும்.

ஷார்ஜாவில் எனக்கு டிங்கர் வேலை, நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்துவது. அங்கேயே முவைலா பகுதியில் ரூம். வெள்ளிக்கிழமைகளில் ஒர்க்‌ஷாப் முதலாளிகள் சிலர் சேர்ந்து ஊருக்கு வெளியே மண் தரையில் கார் பந்தயம் நடத்துவார்கள். கழித்துப்போட்ட கார்களில் கண்ணாடியை எடுத்துவிட்டு, கதவுகளை வெல்டிங் வைத்து அடைத்து, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டி ஓட்டுவோம். கொடியும் மைக்கும் அண்ணாச்சியிடம் இருக்கும். எந்த வண்டி கவிழ்ந்தாலும் அவர் சிவப்புக் கொடி காட்ட வேண்டும், மற்ற வண்டிகள் நிற்க வேண்டும். அந்த ஒன்றை நம்பித்தான் உள்ளே உட்கார்ந்தோம்.

அன்று புழுதியில் ஒரு வண்டி என்னைப் பக்கவாட்டில் இடித்தது. என் கார் உருண்டு, சக்கரங்கள் தரையில் அறைய நின்றது. இடுப்பில் பயங்கர வலி. ஆனால் வலது ஷூவுக்குள் மணல் உறுத்தியது. அது நன்றாக நினைவிருக்கிறது.

ரூம்மேட் முருகேசன் ஓடிவந்தான். "மாப்ள, வெளிய வாடா."

"இருடா, இடுப்புல என்னமோ ஆயிருச்சு."

"கொடியே காட்டலடா அந்த ஆளு. வண்டியெல்லாம் வந்துக்கிட்டே இருக்கு. ஒருத்தன் வந்து ஏத்துனா ரெண்டு பேரும் காலி."

ஜன்னல் வழியாக என் அக்குளில் கைகொடுத்து இழுத்தான். ஜன்னல் விளிம்பில் என் உடம்பு மடங்கியது. அதற்குப் பிறகு மணல் உறுத்தவில்லை.

"டிரைவர் நல்லா இருக்கார்" என்று மைக்கில் சொன்னீர்கள் அண்ணாச்சி. கூட்டம் கைதட்டியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நம் ஊர்க்காரர். "வண்டி நின்னதும் கால்ல உணர்வு இருந்துச்சா?" என்று கேட்டார்.

"ஷூவுல மண்ணு உறுத்துச்சு சார்."

ஸ்கேன் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். மோதியதில் எலும்புதான் முறிந்திருக்க வேண்டும், தண்டுவடம் (மூளைக்கும் உடம்புக்கும் நடுவே செய்தி கொண்டுபோகும் நரம்புக் கற்றை) இழுத்தபோது நசுங்கியிருக்கலாம் என்றார். உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். பலகையில் அசையாமல் கிடத்தித் தூக்கியிருக்க வேண்டுமாம். வண்டிகள் ஓடிக்கொண்டிருந்த தடத்தில் பலகையை எங்கே வைப்பது?

ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். கால் வரவில்லை. ஊருக்கு அனுப்பினார்கள். கதீட்டர் (சிறுநீர் எடுக்கும் குழாய்) போட என் மனைவி செல்வி கற்றுக்கொண்டாள். படுக்கைப்புண் (ஒரே பக்கம் கிடப்பதால் தோல் அழுகி வரும் புண்) வந்தால் எனக்கு வலிக்காது. நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது. புதிதாகப் படுத்திருப்பவர்களே, தினமும் யாரையாவது உங்கள் முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள். நடந்துவிடுவீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு அது தெரியாது.

இப்போது பொழுது எனக்கு வலப்பக்கம், இடப்பக்கம் என்றுதான் போகிறது. கால்கள் யாரோ கட்டிலில் விட்டுப்போன சாமான் போலக் கிடக்கின்றன. ஆனாலும் வலது காலில் மணல் இருப்பதுபோலத் தோன்றுகிறது.

"செல்வி, கால்ல மண்ணு இருக்கா பாரு."

"நேத்தும் இதையேதான் கேட்டீங்க. கழுவித் தொடச்சுட்டேங்க, ஒண்ணும் இல்ல."

என் ரூம்காரன் இழுத்துத்தான் என் முதுகு போனது என்று நீங்கள் எல்லோரிடமும் சொல்லி வருகிறீர்கள் அண்ணாச்சி. முருகேசன் அதை நம்பிவிட்டான். முன்பெல்லாம் போன் கார்டு தீரும்வரை அழுவான். "நாந்தாண்டா ஒன்ன முடமாக்கிட்டேன்" என்பான். இப்போது போனே செய்வதில்லை. ஒழுங்காகச் சாப்பிடுவதுகூட இல்லை என்று ரூமில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். என் கால் இனி வராது. அவனாவது பிழைக்க வேண்டும்.

பந்தயம் இன்னும் நடக்கிறதாம். வரும் வெள்ளிக்கிழமை, வண்டிகள் கிளம்பும் முன், நான் நன்றாக இருப்பதாகச் சொன்ன அதே மைக்கை எடுங்கள். முருகேசனை முன்னால் நிற்கவையுங்கள். கூட்டம் முழுக்கக் கேட்கும்படி சொல்லுங்கள் அண்ணாச்சி: கொடியை ஏன் தூக்கவில்லை?