துணி ஏன் கறுக்கவில்லை

கடவுள் ஒருவருக்குக் குரலைக் கொடுக்கிறார், இன்னொருவருக்குக் கணக்குப் போடும் தலையைக் கொடுக்கிறார். அவளுக்கு இரண்டு கைகளைக் கொடுத்தார். ஆஸ்பத்திரி கேண்டீனின் பின்பக்கத்தில் பதினெட்டு வருஷமாக அண்டாவும் குண்டாவும் தேய்த்த கைகள். சின்னப் பிள்ளை உள்ளே உட்கார்ந்து குளிக்கலாம், அத்தனை பெரிய அலுமினியப் பாத்திரங்கள். அடிபிடித்துக் கருகி வந்து விழும். அவள் கையை விட்டு இறங்கும்போது அன்றைக்குத்தான் கடையில் வாங்கினதுபோல இருக்கும். அதனால் கேண்டீனில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மாஸ்டர் முதல் டீ ஊற்றுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் பளபளக்காதான்.

அவளுடைய வீட்டுக்காரர் டிரைவர். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: சடன் பிரேக். பூனை குறுக்கே வந்தாலும் நிறுத்துவார், பூனை வரலாம் என்று தோன்றினாலும் நிறுத்துவார். பதினோரு வருஷம் லாரி ஓட்டினார். அத்தனை வருஷமும் மாதத்துக்கு இரண்டு நாள்தான் வீட்டில் தலைகாட்டுவார். மகள் பிறந்த அன்று ஊரில் இல்லை. அவளுக்கு முதல் பல் விழுந்த அன்றும் இல்லை. போன வருஷம்தான் ஒரு பழைய காரை வாங்கி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தார். சவாரி சரியாக அமையவில்லை. பழைய லாரி முதலாளி மறுபடியும் கூப்பிட்டார். வருகிறேன், வரவில்லை என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும்.

அந்தச் சமயம் பார்த்து, ஒரு பெரிய ஓட்டலில் வாசலோடு நிரந்தரமாக நிற்க ஒரு கார் கேட்டார்கள். கிடைத்தால் காலையில் போய்ச் சாயங்காலம் வீடு திரும்பலாம். மேனேஜர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இன்ஜின் சத்தம் பிடித்தது, சீட்டும் பிடித்தது. கீழே குனிந்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"காரு நல்லாத்தான் இருக்கு. சக்கரம் மட்டும் ஏன் சீக்காளி மாதிரி இருக்கு? வர்றவங்க கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி அதைத்தானே பாப்பாங்க? சனிக்கிழமை பத்து மணிக்குக் கொண்டாங்க, பாத்துட்டுச் சொல்றேன்."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. நாலும் அலுமினியச் சக்கரங்கள். மஞ்சள் பாரித்து, உள்ளுக்குள் வெள்ளைப் புழு நெளிந்ததுபோல் கோடு கோடாகக் கிடந்தன. புதிதாக வாங்குகிற பேச்சுக்கே இடமில்லை. வீட்டுக்காரர் ஒரு டப்பா மெருகுப் பசை வாங்கிவந்து, வீட்டு முன்னால் சிமென்ட் தரையில் காரை ஜாக்கி போட்டு நிறுத்தி, ஒரு சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எதிர்வீட்டு டெய்லரம்மா மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணே, காரு செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு நிக்குது! கோயிலுக்குள்ள போகப்போவுதா?"

"சிரிம்மா, சிரி. சனிக்கிழமை வந்து பாரு."

புதன்கிழமை முழுக்கத் தேய்த்தார். வியாழக்கிழமையும் தேய்த்தார். வேலை முடிந்து மூன்று மணிக்கு அவள் வந்தபோது, வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்த மனுஷர் ஒரு துணியைக் கொடிபோலத் தூக்கிக் காட்டினார்.

"இங்க பாரு! ரெண்டு நாள் தேச்சிருக்கேன், துணியில ஒரு பொட்டு அழுக்கு இல்ல. அவ்வளவு சுத்தம்!"

அவள் துணியைப் பார்த்தாள். சக்கரத்தைப் பார்த்தாள். அது அதே மஞ்சள் முகத்தோடு அவளைத் திருப்பிப் பார்த்தது.

"என்னங்க, இது அலுமினியம்தானா?"

"பின்ன என்ன, அட்டையா?"

அவள் உள்ளே போய்ச் சமையலறையிலிருந்து ஒரு அலுமினியக் குண்டானை எடுத்துவந்தாள். அதே பசையை விரலில் தொட்டு, அதே துணியின் ஒரு மூலையால் நாலு இழுப்பு இழுத்தாள். துணி காக்கைபோலக் கறுத்துவிட்டது. இன்னொரு மூலையால் சக்கரத்தில் நாலு இழுப்பு. துணி வெள்ளையாகவே இருந்தது.

"அலுமினியத்தைத் தேச்சா கை கறுக்கணும்ங்க. பதினெட்டு வருஷமா என் கை கறுத்துக்கிட்டுத்தான் இருக்கு. இது கறுக்கலைன்னா, நீங்க ரெண்டு நாளா அலுமினியத்தைத் தொடவே இல்ல. இதுக்கு மேல ஏதோ தோலு இருக்கு."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "அப்ப நான் எதைத்தான் தேச்சேன்?"

அவருடைய தம்பி, கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறையில் வேலை செய்கிறவன். அவனுக்குப் போன் போட்டார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவன் சிரித்த சிரிப்பு எதிர்வீடு வரை கேட்டது.

"அண்ணே, அதுக்கு மேல கண்ணாடி மாதிரி லேக்கர் பூசியிருப்பாங்கண்ணே. நீ ரெண்டு நாளா சட்டையைக் கழட்டாமலே முதுகு தேச்சிருக்க! இதைக் கண்டுபிடிச்சது யாரு?"

"உங்க அண்ணிதான்."

"அப்ப போனை அண்ணிகிட்ட குடு. உன்கிட்ட பேசிப் பிரயோசனமில்ல."

அன்று சாயங்காலமே அவன் வந்து இறங்கினான். லேக்கர் உரிக்கிற களிம்பு, ரப்பர் கையுறை, தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற வாட்டர் பேப்பர்கள், மெருகேற்ற பஞ்சு மாட்டிய டிரில் மிஷின், எல்லாம் ஒரு சாக்குப்பையில். டயருக்குக் காகிதம் ஒட்டி, களிம்பைப் பிரஷால் தடவினான். பத்து நிமிஷம் ஆனது. காய்ச்சின பாலில் ஆடை சுருங்குவதுபோல் அந்த லேக்கர் சுருங்கிச் சுருங்கி எழும்பியது.

"ஐயோ ஆண்டவா, பாருங்களேன், தோலு உரியுது!" என்று அவள் சின்னப் பெண்ணாகக் கைதட்டினாள்.

கழுவினார்கள். முரட்டுப் பேப்பர், அடுத்து மெல்லியது, அடுத்து இன்னும் மெல்லியது என்று மாற்றி மாற்றித் தேய்த்தார்கள். கடைசியில் பசையைத் தொட்டு, கடவுளை நினைத்துக்கொண்டு, அவள் முதல் இழுப்பு இழுத்தாள்.

"போச்சு! எல்லாம் கறுத்துப்போச்சு!" என்று வீட்டுக்காரர் தலையில் கை வைத்தார்.

"கறுத்திருச்சு! கறுத்திருச்சுங்க!" என்று அவள் துள்ளினாள்.

டெய்லரம்மா கத்தரிக்கோலும் கையுமாக ஓடிவந்தாள். "என்னக்கா, யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. துணி கறுத்திருச்சு!"

"அதுக்கா இந்தக் கூத்து? எங்க வீட்டுக்கு வாங்க, கரித்துணி நாலு கூடை இருக்கு!"

அவள் சிரித்துக்கொண்டே அந்தக் கறுப்பை வழித்துத் துடைத்தாள். அடியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வெளிச்சம். அதில் டெய்லரம்மாவின் மூக்குத் தெரிந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

வெள்ளிக்கிழமை அவள் லீவு போட்டாள். கொழுந்தனும் அரைநாள் லீவு. மத்தியானத்துக்குள் நாலு சக்கரத்துக்கும் தோல் உரித்துப் பேப்பர் போட்டாகிவிட்டது. மிஷின் சுற்றச் சுற்றக் கறுப்புச் சேறு மூஞ்சியிலெல்லாம் தெறித்தது. ஒவ்வொரு தடவை துடைக்கும்போதும் மூன்று பேரும் குனிந்து பார்த்துக் கூச்சல் போட்டார்கள். பொழுது சாய்வதற்குள் மூன்று சக்கரம் கண்ணாடி. நாலாவதைத் தொட்டதும் மிஷின் கர் என்றது, புகைந்தது, நின்றுவிட்டது.

அவர் முகம் விழுந்துவிட்டது. "மூணு கண்ணாடி, ஒண்ணு சாம்பல். இதுக்கு நாலும் சீக்காளியாவே இருந்திருக்கலாம். லாரிக்கே போறேன்னு சொல்லிடறேன்."

"சொல்லுவீங்க, சொல்லுவீங்க. மிஷினா பதினெட்டு வருஷம் அண்டா தேச்சுது? காலையில பாத்துக்கலாம், போய்க் குளிங்க."

பொழுது விடிந்ததும், ஆண்டவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, சக்கரத்தைச் சாக்கின்மேல் மல்லாத்திப் போட்டு உட்கார்ந்தாள். அண்டா தேய்க்கிற அதே சின்னச் சின்ன வட்டம். அதே அழுத்தம். விரல் நுழையாத இடுக்குகளுக்கு மரக்கரண்டிக் காம்பில் துணியைச் சுற்றி விட்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஆபரேஷன் அறையில் கத்தி எடுத்துக் கொடுப்பதுபோல், புதுத்துணி புதுத்துணியாக எடுத்துக் கொடுத்தார். அவளுக்குத் தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. அவள் நிறுத்தவில்லை. எட்டரைக்குக் கடைசித் துடைப்பு. மிஷின் போட்ட மூன்றும் பளீரென்றன. இது வேறு மாதிரி, பால் கலந்த வெளிச்சம்போல அமைதியாக ஒளிர்ந்தது.

"நட்டெல்லாம் முறுக்கினீங்களா?"

"ரெண்டு தடவை."

"இன்னொரு தடவை முறுக்குங்க."

ஒன்பது மணி ஷிப்டுக்குக் கறுத்த கையோடேயே ஓடினாள். பத்து மணிக்குமேல் அவளுக்கு வேலை ஓடவில்லை. கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். பத்தேமுக்காலுக்குக் கேண்டீன் பின்வாசலில் கிரீச்சென்று ஒரு பிரேக். அந்தச் சத்தம் யாருடையது என்று அவளுக்குச் சொல்ல வேண்டுமா?

அவர் கதவைத் திறந்த வேகத்தில் சாவி கீழே விழுந்தது. "திங்கட்கிழமையிலேருந்து வரச் சொல்லிட்டாரு! ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துடலாம். தினமும்! இனிமே ராத்திரிச் சாப்பாடு மூணு பேரும் ஒண்ணாத்தான்!"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். முகத்தில் ஒரு கறுப்புக் கோடு இழுத்துக்கொண்டது. சட்டென்று ஞாபகம் வந்தது.

"நாலாவதைப் பாத்தாரா? என்ன சொன்னாரு?"

அவர் தலையைச் சொறிந்தார். "அது வந்து... நான் நிறுத்தின இடத்துல அது சுவர்ப் பக்கம் போயிடுச்சு. அவரு இந்தப் பக்கம் மட்டும் பாத்துட்டுத் தலையாட்டிட்டாரு."

"என்னது, சுவர்ப் பக்கமா? என் தோளு கழண்டுபோச்சு, நீங்க சுவத்துக்கா காட்டிட்டு வந்தீங்க? முதல்ல வண்டியைத் திருப்புங்க!"

அவர் மறுபேச்சில்லாமல் வண்டியைத் திருப்பினார். நாலாவது சக்கரம் கேண்டீனைப் பார்த்து நின்றது. மாஸ்டர் கரண்டியோடு வெளியே வந்தார், டீ ஊற்றுகிறவர் வந்தார், காய் நறுக்குகிறவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். மாஸ்டர் குனிந்து அதில் தன் மீசையை ஒரு பக்கம், இன்னொரு பக்கம் ஒதுக்கிப் பார்த்துக்கொண்டார்.

"பளபளக்கா, நம்ம அண்டா மாதிரியே இருக்கே!"

"ஆமா மாஸ்டர்," என்றாள் அவள், இரண்டு கறுத்த கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு. "அடிபிடிக்காத அண்டா."