வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு மேடு

அப்பா பிறந்த இடத்தைச் சொல்லாமல் அப்பாவைச் சொல்ல முடியாது. அஞ்செட்டிக்கு அப்பால், காட்டை ஒட்டிய கரட்டு நிலம். பாறையும் முள்ளும்தான் அதிகம். மழை பெய்தால் கேழ்வரகு விளையும். தண்ணீர் ஊறிய இடத்தில் மட்டுமே வீடு கட்டினார்கள். அதனால் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரு மேடாவது இருக்கும். பேச வேண்டுமென்றால் பாறைமேல் ஏறிக் கூவ வேண்டும்.

அங்கிருந்து பிழைப்புக்காகப் பெங்களூர் வந்த அப்பா, வீடுகளுக்குப் பெயின்ட் அடித்தே எங்களைப் படிக்க வைத்தார். "காபி கொண்டா" என்று அந்தக் கூவும் குரலில் கேட்டாலே, நாங்கள் குடியிருந்த ஆஸ்டின் டவுனில் எதிர்வீட்டார் சண்டை என்று எட்டிப் பார்ப்பார்கள். மூக்குமேல் கோபம், ஆனால் யாரையும் பசியோடு வாசலில் நிற்க விடமாட்டார். நுரையீரல் நோயில் படுத்தபோது அவர் கேட்டது ஒன்றுதான். பிறந்த மண்ணில் அடக்கம் செய்ய வேண்டும், அந்த ஊரார் கையால் மண் விழ வேண்டும்.

சென்ற ஆண்டு அப்பா மறைந்ததும், படித்த பிள்ளைகளான நாங்கள் படம் போட்டு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினோம். அங்கே செல்பேசிக்கு சிக்னல் கிடைக்காது என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. அப்பாவின் தம்பியான எங்கள் சித்தப்பாவுக்கே, உடலோடு வண்டி வந்து நின்ற பிறகுதான் விஷயம் தெரிந்தது. தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"பொழுது சாஞ்சா யானை எறங்கிடும். அதுக்குள்ள எல்லாரும் வரணுமே பாப்பா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பாறைமேல் ஏறினார். "எங்கண்ணன் போயிட்டாருப்பா!" என்று கூவினார்.

சாவுச் செய்தியை அடுத்த வீட்டார் வாங்கி, அதற்கடுத்த வீட்டுக்குக் கூவுவது அங்கே வழக்கம். எந்தக் குரலும் வரவில்லை. அடுத்த வீடு பூட்டிக் கிடந்தது. அவர்கள் ஓசூருக்குக் குடிபோய்விட்டார்களாம். சித்தப்பா அந்த வயதில் மேடு மேடாக ஓடிக் கூவினார். அப்பாவின் ஆசை வீணாகிவிடுமோ என்று பயந்தேன். வெயில் தாழ்ந்த பிறகு மேட்டுவீட்டுப் பெரியவர் தடி ஊன்றி வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் மண்வெட்டியோடு வந்தார்கள். அவர்கள் கையாலேயே அப்பாவுக்கு மண் விழுந்தது.

அவர்களுக்கும், மலைப்பாதையில் முகம் சுளிக்காமல் வண்டி ஓட்டியவருக்கும், அம்மாவுக்குத் துணையிருந்த ஆஸ்டின் டவுன் அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது.

சித்தப்பாவுக்கு எப்படி நன்றி சொல்வது? எங்களோடு வந்துவிடுங்கள் என்று போன மாதமும் போய் அழைத்தோம்.

"நானும் வந்துட்டா மேட்டுவீட்டுப் பெரியவருக்கு ஒண்ணுன்னா யாரும்மா கூவறது?"

"அப்ப உங்களுக்கு, சித்தப்பா?"



"அடிக்கடி வந்து பாத்துட்டுப் போ பாப்பா" என்றார்.